மாப்பிள்ளை இல்லாத ஊர்வலம்

2024-ஆம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில் ஒரு நாள் காலை. நான் காப்பியை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அண்டை வீட்டுக்காரர் கையில் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் முப்பது வருஷம் சரித்திர உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர். பையன்களைக் கேள்வி கேட்டுப் பழகிய நாக்கு இன்னும் ஓய்வு பெறவில்லை.

"ஸார், அமெரிக்காவில் பைடன் விலகிவிட்டாரே, பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"அவர் விலகியது இருக்கட்டும். அவருக்கென்று பிரதிநிதிகள் கிட்டத்தட்ட 3,900 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்களே, அவர்கள் கதி என்ன?"

விடை தெரியாத கேள்விக்கு எழுத்தாளன் செய்யக்கூடியது ஒன்றுதான். "உட்காருங்கள், காப்பி சாப்பிடலாம்" என்றேன்.

அவர் உட்கார்ந்தார், ஆனால் விடவில்லை. "ஜானவாஸம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த கார், நாதஸ்வரம், பின்னால் பட்டுப்புடவைக் கூட்டம், எல்லாம் இருக்கிறது. தெரு முனையில் மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி, 'எனக்குக் கல்யாணம் வேண்டாம்' என்று நடையைக் கட்டிவிட்டார். இப்போது அந்த ஊர்வலம் என்ன செய்யும்? கலைந்து போகுமா? வேறு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகுமா?"

அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்கோ அந்தக் கேள்வி அன்று முழுதும் மனத்தை விட்டுப் போகவில்லை. கதையின் நடுவில் கதாநாயகன் எழுந்து போய்விட்டால் மற்றப் பாத்திரங்கள் என்ன ஆவார்கள் என்பது என்னைப் போன்றவனுக்குத் தொழில் சம்பந்தமான கவலை அல்லவா? அதனால் பழைய புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்தேன். அவற்றில் கண்டதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த நாட்டு வழக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தலுக்கு முன்னால் ஒவ்வொரு கட்சியும் தன் அபேட்சகரைத் தேர்ந்தெடுக்க ஒரு மகாநாடு கூட்டுகிறது. ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் அதற்குப் பிரதிநிதிகள் போவார்கள். பழைய நாளில் கட்சிப் பெரியதனக்காரர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து, சுருட்டுப் புகைக்கு நடுவே பேரம் பேசி முடிவு கட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வழக்கத்தை ஜனங்கள் கண்டித்தார்கள். அதன் விளைவாகப் பிறந்ததுதான் பிரைமரி என்னும் பூர்வாங்கத் தேர்தல். ஜனங்கள் வோட்டுப் போட்டு, 'இந்த அபேட்சகருக்காக இந்தப் பிரதிநிதிகள் மகாநாட்டுக்குப் போகட்டும்' என்று அனுப்புகிறார்கள்.

பிரதிநிதி என்றால் ஏதோ பெரிய மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூட உபாத்தியாயினி, தொழிற்சங்கக் காரியதரிசி, ஊர்க் கட்சியின் தொண்டர் என்று நம்மைப் போன்றவர்கள்தான் பெரும்பாலோர். ரயில் செலவும் ஹோட்டல் செலவும்கூடப் பெரும்பாலும் அவர்கள் கைக்காசுதான். அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு வாக்குறுதி: "நான் இன்னாருக்கு வோட்டுப் போடுவேன்." அந்த இன்னார் விலகிவிட்டால் அந்த வாக்குறுதி என்ன ஆகிறது? இதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை 1968-ஆம் வருஷத்தைப் போல வேறு எந்த வருஷமும் அமெரிக்கர்கள் முகத்தில் எறிந்ததில்லை.

அப்போது ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன். நான்கு வருஷத்துக்கு முன்னால் மகத்தான வெற்றி பெற்றவர். ஆனால் வியட்நாம் யுத்தம் அவர் காலைச் சுற்றிக்கொண்டது. அவருடைய டெமாக்ரடிக் கட்சியிலேயே யூஜீன் மெக்கார்த்தி என்ற செனட்டர் யுத்தத்தை எதிர்த்து அவருக்குப் போட்டியாகக் கிளம்பினார். மார்ச் 12-ந் தேதி நியூ ஹாம்ப்ஷயரில் பூர்வாங்கத் தேர்தல். மெக்கார்த்திக்குக் கிடைத்தது நூற்றுக்கு 42 வோட்டு, ஜான்ஸனுக்கு 49. ஜெயித்தவர் ஜான்ஸன்தான். ஆனாலும் பதவியிலிருக்கும் ஜனாதிபதியை யாரோ ஒரு செனட்டர் இவ்வளவு நெருங்கிவிட்டார் என்றதும் அந்த ஜெயமே தோல்வி மாதிரி ஆகிவிட்டது. நான்கு நாள் கழித்து, மறைந்த ஜனாதிபதி கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடியும் களத்தில் குதித்தார்.

மார்ச் 31-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஜான்ஸன் டெலிவிஷனில் தோன்றி வியட்நாமைப் பற்றிப் பேசினார். குண்டு வீச்சைக் குறைக்கப் போவதாகச் சொன்னார். பேச்சு முடியும் சமயத்தில், மறுபடி ஜனாதிபதியாகக் கட்சியின் நியமனத்தைத் தாம் நாடப் போவதில்லை, கொடுத்தாலும் ஏற்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். நாடு ஸ்தம்பித்துப் போயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் விலகி இரண்டு நாள் கழித்து விஸ்கான்ஸின் மாநிலத்தில் பூர்வாங்கத் தேர்தல் நடந்தது. வோட்டுச் சீட்டுகள் ஏற்கனவே அச்சாகிவிட்டன. விலகியவருடைய பெயர் அதில் அப்படியே இருந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் அவருக்கே வோட்டுப் போட்டார்கள்! மனிதர் போய்விட்டார் என்று தெரிந்தும் பெயருக்கு விழுகிற வோட்டு இருக்கிறதே, அதற்குப் பாசம் என்று பெயர் வைப்பதா, பிடிவாதம் என்று பெயர் வைப்பதா, எனக்குத் தெரியவில்லை.

நிற்க. ஜான்ஸனிடம் இருந்த ஆட்கள் எங்கே போனார்கள்? அந்தக் காலத்தில் பூர்வாங்கத் தேர்தல் நடந்த மாநிலங்கள் சிலவே. மற்ற இடங்களில் கவர்னர்களும், சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலியைப் போன்ற நகரத்து ராஜாக்களும்தான் பிரதிநிதிகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். உப ஜனாதிபதி ஹியூபர்ட் ஹம்ப்ரி ஏப்ரல் 27-ந் தேதி தாமும் அபேட்சகர் என்று அறிவித்தார். ஒரு பூர்வாங்கத் தேர்தலில்கூட அவர் போட்டியிடவில்லை. போட்டியிடத் தேவையும் இல்லை. ஜான்ஸனைச் சேர்ந்தவர்கள், அப்பாவின் கடைக்கு வாடிக்கையாக வந்தவர்கள் பிள்ளையின் கடைக்கு வருவதுபோல, ஹம்ப்ரியிடம் வந்து சேர்ந்தார்கள். எந்தச் சட்டமும் அவர்களை அங்கே அனுப்பவில்லை. பழக்கம் அனுப்பிற்று.

ஆனால் அந்த வருஷத்தின் துயரம் இனிமேல்தான்.

ஜூன் 4-ந் தேதி கலிபோர்னியாவில் தேர்தல். அந்த மாநிலத்துச் சட்டப்படி ஜெயித்தவருக்கே எல்லாப் பிரதிநிதிகளும் உரியவர்கள்; தோற்றவருக்கு ஒருவர்கூட இல்லை. ராபர்ட் கென்னடி ஜெயித்தார். 174 வோட்டு அவர் கைக்கு வந்தது. நடுநிசி தாண்டி லாஸ் ஏஞ்சலிஸ் ஹோட்டலில் வெற்றிப் பேச்சுப் பேசிவிட்டு, சமையற்கட்டு வழியாக வெளியே போகும்போது சுடப்பட்டார். மறுநாள் விடியற்காலம், ஜூன் 6-ந் தேதி, உயிர் பிரிந்தது. வயது 42.

அந்தக் கலிபோர்னியாப் பிரதிநிதிகளை நினைத்துப் பாருங்கள். ஜான்ஸன் விலகினார், தாமாக. கென்னடியை விலக்கியது ஒரு துப்பாக்கி. ஒரு மனிதருக்காக வாக்குக் கொடுத்து, அவர் ஜெயித்த இரவே அவரை இழந்துவிட்டு, இரண்டரை மாதம் கழித்து சிகாகோவுக்கு ரயிலும் விமானமும் ஏறிப் போக வேண்டியிருந்தது. யாருக்கு வோட்டுப் போட?

மெக்கார்த்தியும் யுத்தத்தை எதிர்த்தவர்தான். கொள்கையைப் பார்த்தால் அவரிடம் போவதே நியாயம். ஆனால் வசந்த காலம் முழுவதும் இரண்டு கட்சியாரும் ஒருவரையொருவர் ஏசித் தீர்த்திருந்தார்கள். நேற்றுவரை சண்டை போட்ட வீட்டில் இன்று சாப்பிட உட்கார முடியுமா? கென்னடி ஆட்களில் பலருக்கு மனம் வரவில்லை. இதை அறிந்துதான் ஆகஸ்டு 10-ந் தேதி தெற்கு டகோட்டா செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் அபேட்சகராக முன்வந்தார். ஜெயிக்கலாம் என்ற ஆசை அவருக்கு இருந்ததோ இல்லையோ, அநாதையாகிவிட்டவர்களுக்கு ஒதுங்க ஒரு திண்ணையாவது கிடைத்தது.

ஆகஸ்டு 28-ந் தேதி இரவு. சிகாகோ மகாநாட்டு மண்டபத்தில் மாநிலம் மாநிலமாகப் பெயர் கூப்பிட்டு வோட்டு எடுத்தார்கள். ஜான்ஸன் வரவில்லை, டெக்ஸாஸில் தம் பண்ணை வீட்டிலேயே இருந்துவிட்டார். அதே சாயங்காலம், நகரத்தின் மிச்சிகன் அவென்யூவில் யுத்த எதிர்ப்பாளர்களைப் போலீஸார் தடி கொண்டு அடித்து நொறுக்கினார்கள். அந்தக் காட்சி மண்டபத்துக்குள் டெலிவிஷன் பெட்டிகளில் ஓடிக்கொண்டிருந்தது. மெக்கவர்ன் பெயரை முன்மொழிய வந்த செனட்டர் ரிபிகாஃப் மேடையிலிருந்தே போலீஸாரின் அட்டூழியத்தை நாஜிகளின் காரியத்தோடு ஒப்பிட்டார். கீழே மேயர் டேலி எழுந்து நின்று கத்தினார்.

இந்த அமளிக்கு நடுவில் கலிபோர்னியாவின் முறை வந்தது. கென்னடிக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த ஒரே பட்டியல் நாலாகச் சிதறிற்று. பாதிக்குமேல் மெக்கார்த்திக்குப் போயிற்று. ஒரு பெரும் பகுதி மெக்கவர்னுக்கு. கொஞ்சம் ஹம்ப்ரிக்கு. இன்னும் கொஞ்சம் சானிங் பிலிப்ஸ் என்பவருக்கு. இந்த பிலிப்ஸ் யார்? தலைநகரான வாஷிங்டனிலிருந்து கென்னடிக்காக வந்த பிரதிநிதிகளின் தலைவர். கறுப்பினத்தைச் சேர்ந்த பாதிரியார். தலைவரை இழந்த அந்தக் கூட்டத்தார் தங்களுக்குள்ளேயே ஒருவரைத் தலைவராக்கி நிறுத்திவிட்டார்கள். டெமாக்ரடிக் கட்சி மகாநாட்டில் ஜனாதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்ட முதல் கறுப்பர் அவர்தாம். இப்படியும் சரித்திரம் பிறக்கிறது.

முடிவு என்ன? ஹம்ப்ரிக்கு 1,759¼. மெக்கார்த்திக்கு 601. மெக்கவர்னுக்கு 146½. பிலிப்ஸுக்கு 67½. அரை வோட்டும் கால் வோட்டும் என்ன கணக்கு என்று கேட்பீர்கள். ஒரு வோட்டை இரண்டு பேரும் நான்கு பேரும் பங்கு போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். நம் ஊரில் பாகப் பிரிவினையில் மாமரத்தில் கால் பங்கு எழுதுவதில்லையா? அதுபோலத்தான்.

வேடிக்கை போகட்டும். அந்த வருஷம் பூர்வாங்கத் தேர்தல்களில் விழுந்த வோட்டுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மெக்கார்த்திக்கும் கென்னடிக்கும் விழுந்தவை. அதாவது, யுத்தம் வேண்டாம் என்று சொன்ன வோட்டுகள். மகாநாடு தேர்ந்தெடுத்ததோ அந்தத் தேர்தல்களில் எட்டிக்கூடப் பார்க்காத ஒருவரை. ஜனங்கள் கொடுத்த அடைக்கலப் பொருளைக் கொண்டு போனவர்கள் வழியில் வேறு யாரிடமோ கொடுத்துவிட்டார்கள் என்று நாடு முழுவதும் மனம் கசந்தது. நவம்பர் 5-ந் தேதி ஹம்ப்ரி நிக்ஸனிடம் தோற்றார். மொத்த வோட்டில் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகாது. கட்சியார் ஒரு கமிஷன் போட்டார்கள். அதற்கு முதலில் தலைமை வகித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அநாதைகளுக்குத் திண்ணை கொடுத்த அதே மெக்கவர்ன்தான். இனிமேல் ஜனங்களின் விருப்பம் பிரதிநிதிகளின் எண்ணிக்கையில் தெரிய வேண்டும் என்று விதிகள் வந்தன. பூர்வாங்கத் தேர்தல்கள் பெருகின. காலப்போக்கில் கட்டு மேலும் இறுகி, பிரதிநிதி தான் கொடுத்த வாக்கை மீறி வோட்டுப் போட முயன்றால் அந்த நிமிஷமே அவரை நீக்கிவிட்டு மாற்றாளை உட்கார வைக்கலாம் என்ற அளவுக்குப் போயிற்று.

இந்தக் கட்டுக்கும் 1980-இல் சோதனை வந்தது. ஜனாதிபதி கார்ட்டரை எதிர்த்து, ராபர்ட் கென்னடியின் தம்பி எட்வர்ட் கென்னடி போட்டியிட்டார். கார்ட்டருக்கே பெரும்பான்மை கிடைத்தது. ஆனால் மகாநாடு கூடுவதற்குள் நாட்டில் கார்ட்டரின் செல்வாக்குச் சரிந்துவிட்டது. "வசந்தத்தில் போட்ட வோட்டுக்கு ஆகஸ்டில் கைவிலங்கு எதற்கு? பிரதிநிதிகளை அவிழ்த்து விடுங்கள். அவர்கள் மனிதர்களா, யந்திரங்களா?" என்று கென்னடி கட்சியார் கேட்டார்கள். "வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான், ஜனங்கள் வோட்டை நடுவழியில் மாற்ற நீங்கள் யார்?" என்று கார்ட்டர் கட்சியார் திருப்பிக் கேட்டார்கள்.

விசித்திரத்தைக் கவனியுங்கள். 1968-இல் பிரதிநிதிகளைக் கட்டிப் போடவில்லையே என்று புலம்பினார்கள். 1980-இல் கட்டிப் போட்டுவிட்டார்களே என்று புலம்பினார்கள்.

ஆகஸ்டு 11-ந் தேதி நியூயார்க் மகாநாட்டில் விதியின் மேல் வோட்டெடுப்பு நடந்தது. கட்டு வேண்டும் என்றவர்கள் 1,936. வேண்டாம் என்றவர்கள் சுமார் 1,391. அன்று இரவே கென்னடி விலகிக்கொண்டார். மறுநாள் அவர் பேசிய பேச்சு இன்றுவரை பேசப்படுகிறது. அதற்கும் மறுநாள் பெயர் கூப்பிட்டு வோட்டெடுத்தபோது, விலகிப் போன அந்தக் கென்னடிக்கு 1,150-க்கு மேல் வோட்டு விழுந்தது! மாப்பிள்ளை இறங்கிப் போய்விட்டார். ஊர்வலத்தார் காலிக் காருக்கு மாலையைப் போட்டு, நாதஸ்வரத்தோடு கல்யாண மண்டபம் வரையில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் கலைந்தார்கள். அதனால் பயன் ஒன்றும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் செய்கையில் ஏதோ ஒரு கௌரவம் இருந்ததாகவே எனக்குப் படுகிறது.

பிறகு கட்டைத் தளர்த்தினார்கள். அடுத்த தேர்தலுக்கு முன் எழுதிய விதியில் மனச்சாட்சி என்ற வார்த்தை வந்து புகுந்துகொண்டது. பிரதிநிதி தம்மைத் தேர்ந்தெடுத்தவர்களின் எண்ணத்தை மனச்சாட்சிப்படி பிரதிபலிக்க வேண்டும் என்பது அதன் சாரம். சட்டப் புத்தகத்தில் மனச்சாட்சி என்ற வார்த்தை வருவது அபூர்வம். வந்தால் வக்கீல்களுக்குக் கொண்டாட்டம்.

நம் பழைய உரையாசிரியர்கள் தூதர்களைத் தரம் பிரித்திருக்கிறார்கள். சொன்னதைச் சொல்லுகிறவன் ஒருவன். இடமும் காலமும் பார்த்துத் தானே வகுத்துச் சொல்லுகிறவன் மற்றொருவன். அமெரிக்கக் கட்சியார் பன்னிரண்டு வருஷத்துக்குள் இந்த இரண்டு விதமான தூதர்களையும் பரீட்சை செய்து பார்த்துவிட்டார்கள்.

இப்போது விலகுகிறவர்களின் விஷயத்தில் சில நுட்பங்கள் உண்டு. டெமாக்ரடிக் கட்சியில் தொகுதிவாரியாக வந்த பிரதிநிதிகள் அபேட்சகர் விலகினாலும் பிரதிநிதிகளாகவே இருப்பார்கள். மாநிலம் முழுவதற்குமாகக் கணக்கிட்ட இடங்களோ, ஆட்களை நியமிக்கும் முன்பே அபேட்சகர் விலகிவிட்டால், களத்தில் நிற்பவர்களுக்குப் போய்விடும். அதனால்தான் அங்கே பலர் 'விலகுகிறேன்' என்று சொல்லாமல் 'பிரசாரத்தை நிறுத்தி வைக்கிறேன்' என்கிறார்கள். 2020 ஏப்ரலில் பெர்னி ஸாண்டர்ஸ் நிறுத்தியபோது, பைடன் தரப்பார் அவரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு அந்த இடங்களில் அவருடைய ஆட்களும் இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தார்கள். தோற்றவனைப் பந்தியிலிருந்து எழுப்பினால் வீட்டுக்குப் போய் என்ன பேசுவானோ என்ற முன்யோசனைதான். ரிபப்ளிகன் கட்சியில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. 2024 மார்ச்சில் நிறுத்திய நிக்கி ஹேலி, ஜூலை மாதத்தில் தம்முடைய 97 பிரதிநிதிகளை விடுவித்து, டிரம்புக்கு வோட்டுப் போடும்படி கேட்டுக்கொண்டார்.

இனிச் சரித்திர உபாத்தியாயரின் கேள்விக்கு வருகிறேன்.

2024 ஜூலை 21-ந் தேதி, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பைடன் ஒரு கடிதம் எழுதி விலகினார். சிறிது நேரத்துக்கெல்லாம் உப ஜனாதிபதி கமலா ஹாரிஸை ஆதரிப்பதாக அறிவித்தார். ஆனால் ஆதரவு கொடுக்கலாமே தவிர, ஆட்களைக் கொடுக்க முடியாது. பிரதிநிதிகள் என்ன ஆஸ்தியா, உயில் எழுதி வைக்க? அந்த நிமிஷத்திலிருந்து அவர்கள் எல்லோரும் சுதந்தரர்கள். வேறு யார் வேண்டுமானாலும் 300 பிரதிநிதிகளின் கையெழுத்து வாங்கினால் போட்டியிடலாம். ஒரே மாநிலத்திலிருந்து 50-க்கு மேல் கூடாது. ஒருவராலும் அவ்வளவு கையெழுத்துச் சேர்க்க முடியவில்லை. மறுநாள் இரவுக்குள் பெரும்பான்மைக்கு வேண்டிய அளவுக்கு மேலேயே பிரதிநிதிகள் ஹாரிஸ் பக்கம் என்று பத்திரிகை நிருபர்கள் எண்ணிச் சொல்லிவிட்டார்கள். ஆகஸ்டு 5-ந் தேதி முடிந்த வோட்டெடுப்பில், வோட்டுப் போட்ட பிரதிநிதிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அவருக்கே போட்டிருந்தார்கள்.

அவருடைய தாயார் சியாமளா கோபாலன் இந்தியாவிலிருந்து படிக்கப் போனவர். தாத்தாவின் பூர்வீகம் மன்னார்குடிக்கு அருகில் துளசேந்திரபுரம். அந்த ஊர்க் கோவிலில் அர்ச்சனை நடந்த செய்தி அப்போது எல்லோரும் படித்ததுதான்.

பதவியில் இருக்கும் ஜனாதிபதி ஒரு ஞாயிற்றுக்கிழமை விலகினார். உப ஜனாதிபதி ஒரு பூர்வாங்கத் தேர்தலும் இல்லாமல் அபேட்சகரானார். மகாநாடு சிகாகோவில் கூடிற்று. நவம்பர் 5-ந் தேதி தோல்வி. இது 1968-ஆம் வருஷத்துக் கதை. 2024-ஆம் வருஷத்துக் கதையும் இதுவே. நான் நாவலில் இப்படி எழுதியிருந்தால், 'ஒரே சம்பவத்தை இரண்டு தரம் எழுதிப் பக்கத்தை நிரப்புகிறான்' என்று விமர்சகர்கள் விளாசியிருப்பார்கள். சரித்திரத்தைக் கண்டிக்க விமர்சகர் யார் இருக்கிறார்?

இதையெல்லாம் ஒரு நாள் உபாத்தியாயரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் பைடனுக்கென்று பூர்வாங்கத் தேர்தலில் வோட்டுப் போட்டார்களே, ஒரு கோடியே நாற்பது லட்சம் பேருக்கு மேல், அவர்களை யார் கேட்டார்கள்?" என்றார்.

இதற்கு அங்கேயே இரண்டு பதில் உண்டு. 'அந்த ஜனங்கள் பைடன் பெயருக்குப் போடும்போதே அவருக்கு அடுத்தபடி யார் என்று தெரிந்துதானே போட்டார்கள்? ஆகவே பிரதிநிதிகள் செய்தது சரி' என்பார் சிலர். 'ஒன்றரை நாளில் எல்லோருடைய மனச்சாட்சியும் ஒரே பக்கம் திரும்புமா? அது மனச்சாட்சி இல்லை, அவசரம்' என்பார் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான். அபேட்சகர் விலகலாம், அவர் பேரில் விழுந்த வோட்டு விலகுவதில்லை. அது யாரோ ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயினியின் கையில், யாரோ ஒரு சங்கக் காரியதரிசியின் கையில், அடைக்கலமாக மிஞ்சி நிற்கிறது. விதிகளை எவ்வளவு இறுக்கினாலும், எவ்வளவு தளர்த்தினாலும், கடைசியில் அந்த மனிதர் தனியாக நின்று, 'என்னை அனுப்பினவர்கள் இப்போது இங்கே இருந்தால் என்ன சொல்வார்கள்?' என்று கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு நிமிஷம் வந்தே தீருகிறது. அந்த நிமிஷத்துக்கு எந்தக் கமிஷனாலும் விதி எழுத முடியவில்லை.

உபாத்தியாயர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தக் கலிபோர்னியாக்காரர்கள் பாவம், ஸார்" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்து, டம்ளரைக் கீழே வைத்தார்.